ராகு காலத்துக்குக் கீழே ஒரு வரி இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தினமும் ஒரு சிறு பெட்டி வருகிறது. திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் அதில் இருக்கும். மார்கழி பிறந்தால் பக்கத்திலேயே அன்றைய திருப்பாவைப் பாசுரம் வந்துவிடும். ரமலான் வந்தால் சஹர் முடியும் நேரமும் இஃப்தார் நேரமும் சேர்ந்துகொள்ளும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்கும் சாம்பல் புதன், இவ்வாண்டு (2026) பிப்ரவரி 18-ஆம் தேதி. ரமலான் பிறையும் அதே வாரத்தில்தான் எதிர்பார்க்கப்படுகிறது. எப்படியும் அந்தப் பெட்டியைச் சற்று நீட்டத்தான் போகிறீர்கள். நீட்டும்போது இன்னும் ஒரே ஒரு வரிக்கு இடம் ஒதுக்கித் தரவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அன்றைக்கு வாசிக்க வேண்டிய வேதப்பகுதியின் அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் போதும். விளக்கம் வேண்டாம், படம் வேண்டாம், சிந்தனைத் துளியும் வேண்டாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் அன்பியங்களிலும் (கத்தோலிக்கரின் சிறு குழுக்கள்) சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் வேதவாசிப்பு நடத்துகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் ஒரு பாதிக்கு இது தவக்காலம், மறுபாதிக்கு லெந்து நாட்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இந்த அனுசரிப்பே கிடையாது. ஆனால் நாற்பது நாள் உபவாச ஜெபம் என்று இதே மாதங்களில் கூடுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆகவே அந்த ஒரு வரி எல்லாருக்கும் உதவும்.

விளக்கம் ஏன் வேண்டாம் என்றால், விளக்கத்துக்கு இன்று பஞ்சமே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குள் செல்பேசியில் பத்து ‘இன்றைய தியானம்’ வந்து விழுகிறது. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தியானித்து முடித்தது இருக்கிறது; வேதப்பகுதி மட்டும் இருக்காது, இருந்தால் அரை வசனம் இருக்கும். பிறர் மென்றுதந்ததை விழுங்குகிற வேலைதான் மிச்சம். முதலில் விளக்கத்தைப் படித்துவிட்டு வேதத்தைத் திறந்தால், விளக்கம் சொன்னதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. விளக்கவுரை வேண்டியதுதான், மதியத்துக்கு மேல்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்றும் நம் பக்கத்தில் அதிகம். ‘நாற்பது நாளில் முழு வேதாகமம்’ என்று அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். கணக்குப் பாருங்கள். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாற்பதால் வகுத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 30. ஓர் அதிகாரத்துக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் தினமும் இரண்டு மணி நேரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. சாம்பல் புதனன்று தொடங்குகிறவர் வெள்ளியன்று இவ்விரண்டையும் முடித்துவிட்டுச் சனிக்கிழமை லேவியராகமத்தில் நுழைவார். பெரும்பாலோர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். நின்றதும் குற்ற உணர்வு, குற்ற உணர்வினால் புத்தகத்தையே தொடாமல் இருப்பது. மார்கழியில் அன்றன்றைக்கு ஒரு பாசுரம் என்று முப்பது நாளைக்கு முப்பது பாசுரம் வைத்தவர்கள் அளவு தெரிந்தவர்கள்.

நம்மிடமும் அளவு தெரிந்த ஏற்பாடு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் தவக்கால வார நாள் வாசகங்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. ஒரு முதல் வாசகம், ஒரு பதிலுரைத் திருப்பாடல், ஒரு நற்செய்தி. ஞாயிறு வாசகங்கள் மட்டும் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். 2026 முதலாம் ஆண்டு, அதாவது மத்தேயு ஆண்டு. இதனால் ஒரு வசதி: ‘தவக்காலம் 4-ஆம் வாரம், செவ்வாய்’ என்று நாளின் பெயரோடு நீங்கள் அச்சிட்டால், அதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர் அடுத்த ஆண்டும் வார நாட்களுக்கு அதையே பயன்படுத்தலாம். தேதிதான் தள்ளிப்போகும். விதிவிலக்கு மார்ச் 19, மார்ச் 25 ஆகிய இரு நாட்கள். சூசையப்பர் திருநாளுக்கும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கும் தனி வாசகங்கள் உண்டு. இவ்வாண்டு இரண்டும் வார நாட்களிலேயே வருகின்றன. சி.எஸ்.ஐ. சபைகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் அதையே பின்பற்றட்டும். எந்த அட்டவணையும் கையில் இல்லாதவருக்கு மாற்கு சுவிசேஷம் போதும். 678 வசனங்கள், நாற்பது நாளைக்கு நாளொன்றுக்குப் பதினேழு.

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாற்பது. இதைச் சொல்லிவைக்காவிட்டால், ‘நாற்பது நாள் முடிந்துவிட்டதே’ என்று சிலர் குருத்தோலை ஞாயிறோடு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

அச்சிடும்போது நூற்பெயர்களை இரண்டு வகையிலும் போடவேண்டும். வடசென்னையில் ஒரே வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருப்பது சாதாரணம். அம்மா கொண்டுவந்தது ஒன்று, அப்பா வீட்டுடையது ஒன்று. ஒன்றில் சங்கீதம், இன்னொன்றில் திருப்பாடல்கள். ஒன்றில் உபாகமம், இன்னொன்றில் இணைச் சட்டம். ஏசாயா அங்கே எசாயா ஆவார், ஓசியா ஓசேயா ஆவார். பெயர் புரியாமல் புரட்டிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும். இன்னும் பெரிய தடுமாற்றம் நான்கு நாட்களில் வரும். பிப்ரவரி 26 வியாழனன்று எஸ்தர் அரசியின் மன்றாட்டு, மார்ச் 10 செவ்வாயன்று நெருப்புச் சூளையில் அசரியா செய்த மன்றாட்டு, மார்ச் 20 வெள்ளியன்று சாலமோனின் ஞானம், மார்ச் 23 திங்களன்று சூசன்னா. இவை புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இல்லை. அதில் தானியேல் மூன்றாம் அதிகாரம் 30 வசனங்களோடு முடிந்துவிடும். அசரியாவின் மன்றாட்டுக்காக 34-ஆம் வசனத்தைத் தேடுகிறவர் தன் புத்தகத்தில் ஏதோ பக்கம் கிழிந்துவிட்டது என்று நினைப்பார். அந்த நாட்களில் அவர் நற்செய்திப் பகுதியோடு நின்றுகொள்ளலாம் என்று ஒரு உடுக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

இரண்டு மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வாசிப்பதில் பெரிய லாபம் இருக்கிறது. யோவேல் 2:13-ஐப் பழைய மொழிபெயர்ப்பு ‘நீங்கள் உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து’ என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘உடைகளைக் கிழித்துக்கொள்ள வேண்டாம், இதயத்தைக் கிழித்துக்கொண்டு’ என்று இருக்கிறது. முதலாவது காதில் நிற்கும், இரண்டாவது உடனே புரியும். யோனாவில் நினிவே மக்கள் ‘இரட்டுடுத்திக்கொண்டார்கள்’ என்று வாசிக்கிற கல்லூரிப் பிள்ளைக்கு இரட்டு என்றால் என்னவென்று தெரியாது. சாக்குத் துணி என்று சொன்னதும் பாரிமுனை மூட்டை தூக்குபவரின் தோள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இனி, எப்படி வாசிப்பது என்பதற்கு வருவோம். சாம்பல் புதனுக்கு மறுநாளே பதிலுரைப் பாடலாக முதலாம் சங்கீதம் வருகிறது: இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான். தியானம் என்றதும் கண்ணை மூடிப் பேசாமல் உட்காருவது என்றுதான் நமக்குத் தோன்றும். மூல எபிரேயத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல் ‘ஹாகா’. அது வாயால் செய்கிற காரியம், முணுமுணுப்பது, உறுமுவது. ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் கெர்ச்சிப்பதற்கும் இதே சொல், 38:14-இல் புறாப்போலப் புலம்புவதற்கும் இதே சொல். ஆகவே முதல் விதி, வாய்விட்டு வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டாம், தன் காதுக்குக் கேட்டால் போதும். கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த பகுதியைக் கண் தாண்டிவிடும். ஊதாரி மைந்தன் கதை, தெரியுமே என்று. நாக்கு அப்படித் தாண்டாது, ஒவ்வொரு எழுத்தாகத்தான் போகும்.

இடம் எது என்பது நம் பகுதியில் பெரிய கேள்வி. சாம்பல் புதன் நற்செய்தியிலேயே ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று வருகிறது. ஒண்டுக்குடித்தனத்திலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலும் எந்த அறை, எந்தக் கதவு? ஒரே அறைக்குள் ஆறு பேர். இதை வாசித்துவிட்டு ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் ‘தமெயோன்’. அதற்குச் சாமான் வைக்கும் இடம் என்று பொருள். லூக்கா 12:24-இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்னும் இடத்திலும் அதே சொல்தான். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா ஜனங்களில் பலருக்கும் ஓரறை வீடுதான் இருந்திருக்கும். தானியப் பானையும் எண்ணெய்ச் சாடியும் இருக்கிற மூலைக்குப் போ என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கும். நம் வீட்டில் அது சிலிண்டருக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கும் இடம். மொட்டை மாடி, மாடிப்படி வளைவு, வண்டி நிறுத்துமிடம் எதுவும் ஆகும். காலைப் பூசைக்குத் திறந்திருக்கும் கோயிலின் பின்வரிசை இன்னும் நல்லது. முக்கியமானது, நாற்பது நாளும் ஒரே இடமாக இருப்பது. இடம் மாறினால் மனது ஒவ்வொரு நாளும் புதிதாக வேடிக்கை பார்க்கத் தொடங்கும்.

நேரமும் அப்படித்தான். ‘அதிகாலையில்’ என்று பொதுவாகச் சொல்வது இங்கே எல்லாருக்கும் பொருந்தாது. காசிமேட்டில் விடியும்போது மீன் ஏலம் உச்சத்தில் இருக்கும். ஆண்டுத் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. இவ்வாண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5, ஆக லெந்து முழுவதும் தொழில் நாட்கள். எண்ணூர், மணலி ஆலைகளில் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். தண்ணீர் லாரி வருகிற தெருவில் ஐந்தரை மணிக்கு யாரும் தியானத்தில் உட்கார முடியாது. எனவே கடிகார நேரத்தைப் பிடிக்காமல், அன்றாடம் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு வாசிப்பைக் கட்டிவைப்பது நல்லது. குளித்ததும், அல்லது வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும். ஷிப்டு மாறினாலும் குளியல் மாறாது. முந்தைய மாலையே மறுநாள் பகுதியை வாசிப்பதிலும் தவறில்லை. ஞாயிறு வழிபாடே சனி மாலையில் தொடங்கிவிடுகிறதே. வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: சமைக்காமல் விட்ட அந்த வேளையின் நேரம் அப்படியே கையில் இருக்கிறது.

இருபது நிமிடம் போதும். முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருவது, மூச்சு சீராகட்டும். பிறகு பகுதியை ஒருமுறை வாய்விட்டு, சாதாரண வேகத்தில். பத்துப் பன்னிரண்டு வசனம் என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இரண்டாம் முறை பாதி வேகத்தில், ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு விட்டு. ஏதாவது ஒரு சொல்லில் நாக்கு தடுக்கும், அல்லது மனம் நிற்கும். நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். மேலே படிக்க வேண்டாம். அந்தச் சொல்லையே ஐந்து நிமிடம் வாயில் போட்டுக்கொண்டிருப்பதுதான் தியானம். 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ இதைச் சாப்பாட்டோடு ஒப்பிட்டார்: வாசிப்பு கவளத்தை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் சுவையை எடுக்கிறது, ஆழ்நிலைத் தியானம் அந்த இனிப்பாகவே ஆகிவிடுகிறது. மாடு அசைபோடுவதைப் பார்த்திருக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த நான்கு நிமிடம், அந்தச் சொல்லை வைத்துக் கடவுளிடம் சொந்த வார்த்தையில் பேசுவது. சபையில் சொல்கிற ஜெபத் தமிழ் இங்கே வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழே போதும். கடைசியில் மூன்றாம் முறை வாசித்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும்.

எந்தச் சொல்லும் நிறுத்தவில்லை என்றால்? அடிக்கடி நடப்பதுதான். அப்போது முதல் வசனத்தின் வினைச்சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியது. பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் சுலபமாக மனதுக்குள் வேலை செய்யும். ‘வந்தார்’, ‘கண்டார்’, ‘எழுந்து’.

ஒரு நாளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கலாம். நான்காம் வாரச் செவ்வாய், இவ்வாண்டு மார்ச் 17. முதல் வாசகம் எசேக்கியேல் 47:1-9, 12. ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் கசிகிறது. ஒரு மனிதர் ஆயிரம் முழம் அளக்கிறார், தண்ணீர் கணுக்கால் அளவு. இன்னும் ஆயிரம் முழம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. அதற்கு மேல் கடக்கமுடியாத ஆறு. வாசிக்கிறவர் நான்கு இடத்திலும் நின்று, தன் காலில் தண்ணீர் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை இது, காட்சிக்குள் போய் நிற்பது. காசிமேட்டுக்காரருக்கோ நெட்டுக்குப்பத்துக்காரருக்கோ இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இப்போது எண்ணைக் கவனியுங்கள்: 9-க்குப் பிறகு 12. விட்டுப்போன 10-ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? என்கேதி தொடங்கி எனெக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் கரையில் நின்று வலை விரிப்பார்கள் என்று இருக்கிறது! நம் ஆட்கள் நிற்கிற வசனத்தைத்தான் பட்டியல் தாண்டிப்போகிறது. 11-இல் சதுப்பும் உளையும் மட்டும் உப்பாகவே விடப்படும் என்று வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தவருக்கு அந்த வசனம் சும்மா போகாது. ஆகவே அட்டவணையில் எண் தாவுகிற இடமெல்லாம் வேதத்தைத் திறந்து விட்டுப்போனதையும் வாசிக்க வேண்டும். நீளம் கருதியே பெரும்பாலும் விடுகிறார்கள், அதில் சதி ஏதுமில்லை. சாம்பல் புதன் நற்செய்தி மத்தேயு 6-இல் 7 முதல் 15 வரை தாண்டுவது, கர்த்தர் கற்பித்த ஜெபம் அடுத்த செவ்வாய் தனியாக வருவதால்.

அதே மார்ச் 17-இன் நற்செய்தி யோவான் 5:1-16. 38 ஆண்டாக நோயுற்று, குளத்தங்கரையில் படுத்திருக்கிறவர். முதல் வாசகத்தில் தண்ணீர் ஆலயத்தைவிட்டு மனிதரைத் தேடி ஓடுகிறது. இங்கே தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் இவரால் இறங்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் அதற்காகத்தான் வைத்தார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய மொழிபெயர்ப்பில் 4-ஆம் வசனத்தில் தேவதூதன் தண்ணீரைக் கலக்குவது வரும், பழைமையான கையெழுத்துப் படிகளில் அது இல்லாததால் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். குழுவில் வாசிக்கும்போது இதில் சண்டை வந்து அன்றைய தியானமே காணாமல் போவது உண்டு.

நோட்டு விஷயம். எண்பது பக்க நோட்டு ஒன்று, நாளுக்கு ஒரு பக்கம். நான்கு வரிக்கு மேல் எழுதக் கூடாது: தேதி, பகுதி, நிறுத்திய சொல், இன்று செய்யப்போவது. நான்காவது வரியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ‘இனிமேல் அன்பாக இருப்பேன்’ என்று எழுதுவார்கள். அதை எப்போது செய்து முடிப்பது? இன்று படுப்பதற்குள் செய்து முடித்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கிய ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது, பேசாமல் இருக்கிற தம்பிக்குப் போன் போடுவது, வெள்ளிக்கிழமை மிச்சமான சாப்பாட்டுக் காசை ஏசாயா 58 சொல்கிறபடி பசித்தவருக்குக் கொடுப்பது. இரவில் அதன் பக்கத்தில் ஒரு டிக். பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள், ஜெபிப்பது நின்றுபோகிறது.

செய்யக் கூடாதவை சில. கண்ணை மூடிப் புரட்டி விரல் வைத்த வசனத்தை அன்றைய வாக்குத்தத்தமாக எடுப்பது இங்கே நிறைய நடக்கிறது. எரேமியா 29:11 ஆட்டோ கண்ணாடி வரைக்கும் ஒட்டப்பட்டிருக்கிறது, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தைய வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பதை ஒட்டியவர் பார்ப்பதில்லை. மேலே ஐந்து வசனம், கீழே ஐந்து வசனம் பார்த்துவிட்டால் இந்தத் தவறு வராது. இன்னொன்று, வாசித்ததைப் பிறருக்குப் பங்கிடுவது. ‘இது அப்படியே எங்க மாமியாருக்குச் சொன்னது.’ மாமியாருக்கு அன்று வேறு சொல் கிடைத்திருக்கும், விட்டுவிடுங்கள். செல்பேசியில் வாசிப்பவர்கள் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வாசிப்பது நல்லது. நடுவில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் இருபது நிமிடமும் போச்சு. ஒலி வேதாகமம் கேட்பவர்கள் பின்னணி இசை இல்லாத பதிவாகத் தேர்ந்தெடுப்பது மேல். அழுகிற வயலினே உணர்ச்சியை ஊட்டிவிட்டால் வசனம் ஊட்டியதா, வயலின் ஊட்டியதா என்று தெரியாது. கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளை ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்துக் காட்டினால் அதுவே நிறைவான வாசிப்பு. ஆதிச் சபையில் பெரும்பாலோர் காதால் கேட்டவர்கள்தாம்.

மூன்றாம் வாரத்தை ஒட்டி எல்லாருக்கும் வறட்சி வரும். புதுமை தீர்ந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். ஆனால் வாசகங்களிலேயே ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மூன்று வாரமும் வாசகங்கள் ‘இதைச் செய்’ என்பவை: உபவாசம், மன்னிப்பு, ஏழைக்குக் கொடுப்பது, லாசருவும் ஐசுவரியவானும், பரிசேயனும் ஆயக்காரனும். நான்காம் வாரத் திங்களிலிருந்து நற்செய்தி கிட்டத்தட்ட முழுக்க யோவானுக்குப் போய்விடுகிறது. அங்கே ‘செய்’ குறைவு. இவர் யார் என்ற வாக்குவாதம்தான் நாளுக்கு நாள் சூடேறுகிறது. அதுவரை ‘இன்று என்ன செய்யட்டும்’ என்று கேட்டுப் பழகிய வாய்க்கு அதே கேள்வி இங்கே பலிக்காது. கேள்வியை மாற்ற வேண்டும்: இந்தக் காட்சியில் இவர் என்ன சொல்கிறார், எதிரே நிற்பவன் எதற்குப் பயப்படுகிறான், நான் யார் பக்கத்தில் நிற்கிறேன். நோட்டின் நான்காவது வரி அந்த வாரங்களில் காலியாக இருந்தாலும் குற்றமில்லை.

வறட்சிக்கு இன்னொரு மருந்து திருப்பி வாசிப்பது. ஞாயிற்றுக்கிழமை புதுப் பகுதி எதையும் எடுக்காமல், அந்த வார நோட்டைப் புரட்டி மனம் நின்ற ஒரு பகுதிக்கே மறுபடியும் போகலாம். இவ்வாண்டு மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளின் நற்செய்தி மிக நீளம்: சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசரு. யோவான் 9 மட்டும் 41 வசனம். கோயிலில் நின்றுகொண்டு கேட்கும்போது முழுவதும் மனதில் இறங்காது. சனிக்கிழமையே பாதியை வீட்டில் வாசித்துவிட்டுப் போனால் இறங்கும்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டையும் சேர்த்து வாசிக்கக் கூடாது. கடன் ஏறிக்கொண்டே போய், பதினைந்தாம் நாள் எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிடுவார்கள். தவறிய நாளின் பக்கத்தை வெறுமையாக விட்டு, இன்றைய பகுதிக்குப் போய்விட வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் என்று நாம் சொல்லும் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்கிறார். கூடவே, வாசிக்கும் நேரத்தில் அரட்டை அடிக்கிறவர் யார் என்று பார்த்துவர ஒன்றிரண்டு மூத்த துறவிகளைச் சுற்றிவர அனுப்புகிறார். துறவிகளுக்கே மேற்பார்வை தேவைப்பட்டிருக்கிறது! நமக்கு அன்பியத்திலோ தெரு ஜெபக் கூட்டத்திலோ ஒரு துணை போதும். வாரம் ஒருமுறை ‘எத்தனை பக்கம் வெறுமை’ என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது. என்ன எழுதினாய் என்று கேட்கக் கூடாது.

காலையில் கிடைத்த சொல்லை வெளியே கொண்டுபோவதற்கும் நம் பகுதியில் வசதி இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் போகும் மெட்ரோவிலோ கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலிலோ வாய்விட்டு வாசிக்க முடியாதுதான். ஆனால் ஆறேழு சொல் உள்ள ஒரு வரியை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையத்திலும் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு போகலாம். முதலாம் சங்கீதம் சொன்ன ‘பகலும்’ அதுதான்.

தங்களிடம் கேட்பதை மீண்டும் துல்லியமாக வைக்கிறோம். நாளின் பெயர், முதல் வாசகம், சங்கீதம், நற்செய்தி. நூற்பெயர் வேறுபடும் இடங்களில் இரண்டு பெயரும். மேலே சொன்ன நான்கு நாட்களுக்கு உடுக்குறி. முந்தைய நாள் இதழிலேயே வந்துவிட்டால் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மிகவும் உதவும். தினமும் முடியாது என்றால் சனிக்கிழமை இதழில் வாரம் முழுவதற்கும் ஏழு வரியாகத் தந்தாலும் சரி. 46 நாள் பட்டியலையும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து அனுப்பித்தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். முதல் நாளின் வரி இப்படி அமையும்:

பிப். 18, சாம்பல் புதன் (திருநீற்றுப் புதன்): யோவேல் 2:12-18, சங்கீதம் (திருப்பாடல்) 51, 2 கொரிந்தியர் 5:20 - 6:2, மத்தேயு 6:1-6, 16-18.

இப்படிக்கு,
வேதவாசிப்புக் குழுக்களை நடத்துவோர் சிலர்,
வடசென்னை.